ராம்மோகன் ராய்க்குச் சென்னையிலிருந்து வந்த மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ராஜா ராம்மோகன் ராய் பற்றிய கட்டுரை படித்தேன். உடன்கட்டை ஒழிப்பு பற்றி எழுதியதெல்லாம் சரி. ஆனால் ஒரே கடவுள் என்ற எண்ணமே அவருக்குப் பாதிரிமாரிடமிருந்து வந்தது என்று போகிற போக்கில் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. பல தெய்வ வழிபாட்டைச் சாடி 1803-04 வாக்கில் அவர் எழுதிய முதல் நூல் பாரசீகத்தில், அரபு முன்னுரையோடு வந்தது. 1820இல் ஏசுவின் போதனைகளை மட்டும் தனியே தொகுத்து அவர் வெளியிட்டபோது, அவரோடு மல்லுக்கு நின்றவர்களே கல்கத்தாவுக்குப் பக்கத்துச் செராம்பூர் பாதிரிமார்தான்.

கட்டுரையில் சென்னைப் பேச்சே இல்லை. 1816 டிசம்பரில், இங்கே செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் ஆங்கில ஆசிரியராக இருந்த சங்கர சாஸ்திரி 'மெட்ராஸ் கூரியர்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். கல்கத்தாப் பத்திரிகை ராயைச் சீர்திருத்தக்காரர், புதிதாகக் கண்டுபிடித்தவர் என்று புகழ்ந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. பரம்பொருள் ஒன்று என்பது வேதத்திலேயே இருக்கிறதே, இதில் இவர் கண்டுபிடித்தது என்ன? அதன் குணங்களை உருவமாக வைத்து வணங்கினால் என்ன தப்பு? இதுதான் அவர் கட்சி. ராய் 1817இல் பதில் எழுதினார். அந்தப் பட்டங்களை நான் ஒருநாளும் சூட்டிக்கொண்டதில்லை, நம் முன்னோர் கடைப்பிடித்ததைத்தான் சொல்கிறேன் என்றார். இரண்டு பேருமே சாஸ்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சண்டை போட்டார்கள். இதில் பாதிரிமார் எங்கே வந்தார்கள்?

அதற்காக ராயை எல்லாவற்றையும் உடைத்துப் போட்டவராகக் காட்டுவதும் பொருந்தாது. ஒரே கடவுளை வழிபட 1828இல் அவர் தொடங்கிய பிரம்ம சபைக்கு (பிற்பாடு இதுவே பிரம்ம சமாஜம்) 1830இல் சொந்தக் கட்டடம் வந்தது. படம், சிலை, பலி எதுவும் கூடாது, எந்த வகுப்பாரும் வந்து வழிபடலாம் என்று பத்திரத்திலேயே எழுதினார்கள். ஆனால் அந்தச் சபையின் கூட்டங்களில் வேதம் ஓதியவர்கள் இரண்டு தெலுங்குப் பிராமணர்கள். அதுவும் தனி அறையில், மறைவாக. பிராமணர் அல்லாதார் அந்த அறைக்குள் போக முடியாது. பிறகு உபநிடதம் வாசித்து வங்காளியில் விளக்கம் சொல்வது மட்டும் எல்லோருக்கும். ராய் 1833இல் பிரிஸ்டலில் இறந்தபோதும் பூணூல் மார்பில்தான் இருந்தது. பூணூல் போட்டவர்கள் வழிபாட்டை நடத்தலாமா என்ற அந்த விவகாரம்தான் பிற்பாடு சமாஜத்தின் இளந்தலைவர் கேசவ சந்திர சென் காலத்தில் புகைந்து, 1866இல் சமாஜம் இரண்டாகப் பிரிந்தது.

கேசவர் வந்து பேசிய சூட்டில் 1864இல் பிரம்ம சமாஜத்தைப் பின்பற்றிச் சென்னையில் தொடங்கிய வேத சமாஜத்தின் உறுதிமொழியும் பார்க்க வேண்டிய ஒன்று. கல்யாணம், கருமாதிச் சடங்குகளைச் செய்துகொள்ளலாம். ஆனால் அவற்றுக்கு மத அர்த்தம் எதுவும் கிடையாது, வெறும் வழக்கம் என்று நினைத்துக்கொள்ள வேண்டுமாம்! நம் ஊர்க்காரர்களின் சாமர்த்தியம். வேத சமாஜத்தில் முன்னின்ற ஸ்ரீதரலு நாயுடு 1871இல் அதைத் தென்னிந்திய பிரம்ம சமாஜமாக மாற்றினார். 1874இல் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கட்டுரையாளர் இந்தச் சென்னைக் கதையையும் ஒரு இதழில் விரிவாக எழுதினால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.