‘சரக்கு’ என்றால் என்னவென்று தெரிந்த ஓர் ஆள் வேண்டும்

சமூக ஊடக நிறுவனங்களில் எந்தப் பதிவு இருக்கலாம், எதைத் தூக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சிவகங்கை மாவட்டத்தில் 31 வருடம் அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2025 ஆகஸ்டில் என் அக்கா மகளின் பெயரிலும் படத்திலும் உங்களில் ஒரு நிறுவனத்தின் தளத்தில் யாரோ போலிக் கணக்கு திறந்தார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். படிக்கும்போது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

அவள் பள்ளிக்கூட ஆசிரியை. ஆண்டு விழாவில் பட்டுப்புடவை கட்டி எடுத்த படம் அது. ஆபாசம் ஒன்றும் கிடையாது. படத்துக்குக் கீழே இருந்த வரிதான் விஷயம்: “நம்ம ஊர் சரக்கு. ரேட் கேட்டு இன்பாக்ஸ் வரவும்.” தமிழ் தெரிந்த யாருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது. அதைப் பார்த்த ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கும் தேவைப்படவில்லை.

அன்றைக்கே புகார் கொடுத்தோம். மறுநாள் பதில் வந்தது. அந்தப் பதிவு உங்கள் சமூகத் தரநிலைகளை மீறவில்லையாம். மறுபரிசீலனை கேட்டோம், அதே பதில். அவள் கொடுத்தாள், நான் கொடுத்தேன், உடன் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே வாசகம்தான், கமாகூட மாறவில்லை. உங்கள் இயந்திரம் அந்த வரியை எப்படிப் படித்திருக்கும் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். சரக்கு, சரி, விற்பனைப் பொருள். ரேட், விலை. சீரகச் சம்பா விற்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருக்கும். தமிழ் படிக்கிற ஒரு மனிதர் பார்த்திருந்தால் மூன்று விநாடியில் முடிந்திருக்கும்.

பத்தொன்பது நாள் அந்தப் பக்கம் இருந்தது. அந்தப் பத்தொன்பது நாளும் அவள் பள்ளிக்கூடம் போனாள். லீவு போட்டால் உண்மை என்று ஆகிவிடும் என்றாள். கரும்பலகையில் எழுதத் திரும்பும்போது பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் வருமாம். யார் என்று திரும்பிப் பார்க்க மாட்டாளாம், பார்த்துவிட்டால் அந்தப் பையனுக்கு அப்புறம் பாடம் நடத்த முடியாது என்று. இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொன்னாள். அழவில்லையாம். சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிட்டாளாம்.

கடைசியில் சைபர் கிரைம் பிரிவில் புகார் கொடுத்தோம். அங்கிருந்து உங்களுக்குக் கடிதம் போன அன்று மாலையே பக்கம் காணாமல் போயிற்று. ஆக, உங்களால் முடியாமல் இல்லை. கேட்டது யார் என்பதுதான் கணக்கு. இந்திய அரசின் 2021 விதிகளின்படி, ஒருவரைப் போல நடித்துத் திறந்த கணக்கைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரே புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாத விதியா என்ன!

அதே மாதத்தில் எங்கள் குலதெய்வம் கருப்பர் படத்தை நான் போட்டேன். சில நிமிடங்களில் நீக்கிவிட்டீர்கள். ஆயுதம், வன்முறையாம். கருப்பர் கையில் அரிவாள் இல்லாமல் பூங்கொத்தா இருக்கும்? அந்த வேகத்தை மட்டும் பாராட்டத்தான் வேண்டும்.

என் கோரிக்கை ஒன்றுதான். தமிழில் உள்ள பதிவைப் பற்றிய புகாரை, குறைந்தபட்சம் மறுபரிசீலனையிலாவது, தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு மனிதர் படிக்க வேண்டும். அப்படிப் படிக்க உங்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை வெளியிட வேண்டும்.

இது நடக்காத காரியம் இல்லை. ஐரோப்பாவில் செய்துகொண்டுதானே இருக்கிறீர்கள்? அங்கே டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரியிலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. பெரிய தளங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆட்கள் பதிவுகளைப் பரிசீலிக்கிறார்கள் என்று அறிக்கை தர வேண்டும். மேல்முறையீட்டை இயந்திரத்திடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. மீறினால் உலக அளவிலான வருவாயில் 6 சதவீதம் வரை அபராதம். அந்த 24 மொழிகளில் மால்டீஸும் ஒன்று. மால்டாவின் மக்கள்தொகை ஐந்து லட்சத்துச் சொச்சம், மதுரை மாநகராட்சியைவிடக் குறைவு. அவர்கள் மொழியைப் படிக்க ஆள் இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஆறரைக் கோடிக்கும் மேல். எங்களுக்கு எத்தனை பேர் என்று கேட்டால் மட்டும் ஏன் மௌனம்?

நீங்கள் வேறு சண்டையில் மும்முரமாக இருக்கிறீர்கள் என்பது புரிகிறது. 2025 பிப்ரவரியில் அமெரிக்கத் துணை அதிபர் மியூனிக் வரை போய், ஐரோப்பாவில் பேச்சுரிமை தேய்கிறது என்று பாடம் எடுத்தார். டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் எக்ஸ் தளத்துக்கு 12 கோடி யூரோ அபராதம் போட்டது. நீல டிக் ஏமாற்றுகிறது, விளம்பரப் பதிவேடு சரியில்லை, ஆய்வாளர்களுக்குத் தரவு தரவில்லை என்பவை குற்றச்சாட்டுகள். ஒருவர் பேச்சைக்கூட நீக்கச் சொல்லாத அந்தத் தீர்ப்பையும் ‘தணிக்கை’ என்று வாஷிங்டன் கொதித்தது. அதே மாதத்தில் ஆணையத்தின் முன்னாள் உறுப்பினர் தியரி பிரெத்தோன் உட்பட ஐந்து பேருக்கு விசா இல்லை என்றார்கள். பிரேசில் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, அந்த நாட்டு நீதிமன்றம் அமெரிக்கச் சமூக ஊடகங்களுக்குப் பிறப்பித்த உத்தரவுகளையும் ஒரு காரணமாகச் சேர்த்தார்கள். எங்கள் ஊரில் வரப்புத் தகராறு இப்படித்தான் வளரும். நடுவில் மிதிபடுகிற பயிரை யாரும் பார்க்க மாட்டார்கள்.

அரசாங்கத்தின் கையில் கத்தரிக்கோலைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பதிவுகளை நீக்கச் சொல்லி அதிகாரிகள் நிறுவனங்களுக்கு உத்தரவு அனுப்புகிற, எங்கள் அரசின் ‘சஹ்யோக்’ தளத்தை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் போட்ட வழக்கை 2025 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதிகாரிகள் கைகாட்டுவதையெல்லாம் நீக்கிக்கொண்டே போனால் நாளைக்கு என் பதிவும் போகும், அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் பேச்சுரிமை பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், பேசப்படுவது என்ன மொழி என்றாவது தெரிந்துகொள்ள வேண்டாமா? 2015 தொடக்கத்தில் பர்மிய மொழியில் புகாருக்கு வந்த பதிவுகளைப் படிக்க ஃபேஸ்புக்கில் இரண்டே பேர் இருந்ததாக ராய்ட்டர்ஸ் எழுதியது. மியான்மரில் ரோஹிங்யா முஸ்லிம்களுக்கு என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். 2018 மார்ச்சில் இலங்கையின் கண்டியில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. தன் தளம் அதற்குத் தவறாகப் பயன்பட்டதற்கு ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020இல். எரிந்து இரண்டு வருடம் கழித்து.

அஞ்சல் துறையில் எங்களுக்கு எத்தனையோ குறைகள் உண்டு. ஆனால் விலாசம் கோழி கிளறியது போல இருந்தாலும் நான்கு பேர் கூடி, எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவோம். ‘படிக்க முடியவில்லை, ஆகவே விலாசம் சரியாக இருக்கிறது’ என்று யாரும் எழுதி வைத்ததில்லை.

கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன்: தமிழ்ப் புகாரைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் படிக்கட்டும், எத்தனை ஆள் என்று சொல்லுங்கள். போன வாரம் வேறொரு பெண்ணின் படத்தோடு, அதே வரியோடு, இன்னொரு பக்கம் வந்திருக்கிறது. புகார் கொடுத்துவிட்டேன். அது அரிசி வியாபாரம் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்