மூணாவது பேரு வேணாம், அஞ்சாவது ஓகே

அன்புள்ள குட்டிமா,

நீயும் உன் பார்ட்னரும் ஆரம்பிக்கற பொண்ணுங்க ஸ்கேட்போர்டு பிராண்டுக்கு நீ அனுப்பின பேரு லிஸ்ட் பாத்தேன். மூணாவது பேர படிச்சதும் உங்கப்பா போன கீழ வெச்சுட்டு பேசாம எழுந்து போயிட்டாரு, எனக்கு சிரிப்பு தாங்கல. "அம்மா ஷாக் ஆயிடாத"ன்னு வேற போட்டிருக்க. ஷாக்கெல்லாம் இல்லடி, விளம்பர கம்பெனில இத்தனை வருஷம் குப்ப கொட்டினவ நான், இந்த மாதிரி ரெட்டை அர்த்த பேரெல்லாம் மீட்டிங்ல ஆம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சுகிட்டே சொல்றத கேட்டு காது புளிச்சு போச்சு. அசிங்கமா இருக்கா இல்லையான்னு நான் பாக்கல, அது யார சீண்டுதுன்னு பாக்கறேன்.

மொதல்ல ஒண்ணு. நீங்க பண்றது பனில சறுக்கற ஸ்னோபோர்டா இருந்தா பேரப் பத்தி நான் இவ்ளோ மண்டைய ஒடைச்சுக்க மாட்டேன். ஏன்னா அதுல பொண்ணுங்க போர்டுன்னு தனியா செய்ய நெஜமாவே காரணம் இருக்கு, பாதம் சின்னது, வெயிட் கம்மி, அதனால நடு அகலம் 23, 24 சென்டிமீட்டர் மாதிரி குறைச்சு, வளையறதும் கொஞ்சம் ஈசியா இருக்கற மாதிரி செய்வாங்க, ஆம்பளைங்களுது 25க்கு மேல போகும். ஆனா ஸ்கேட்போர்டு டெக்ல, அதான் ஏறி நிக்கற பலகைல, என்ன இருக்கு? ஏழு லேயர் மேப்பிள் பலகை, எட்டு இன்ச் சொச்சம் அகலம், அதுல பொண்ணு பலகை பையன் பலகைன்னு ஒண்ணும் கிடையாது. அப்ப நீங்க விக்கறதே பேரும் படமும், டீம்ல யார் இருக்காங்கங்கறதும்தான். அதுல கோட்ட விட்டா மிச்சம் வெறும் பலக.

பழைய கதை உனக்கு தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன். 1993ல கேர்ள்னு ஒரு ஸ்கேட்போர்டு கம்பெனி ஆரம்பிச்சாங்க இல்ல, லேடீஸ் டாய்லெட் கதவுல இருக்கற பொம்மதான் லோகோ, டீம்ல இருந்தது பூரா ஆம்பளைங்க. சரி, அது ஒரு குறும்பு, போகட்டும். அத கிண்டல் பண்றேன்னு இன்னொரு கும்பல் பிட்ச்னு, அதான் பொம்பளைங்கள திட்டற அந்த இங்கிலீஷ் கெட்ட வார்த்தை, அதையே பேரா வெச்சு ஒரு பிராண்ட் விட்டாங்க, அதோட லோகோ என்ன தெரியுமா, ஜென்ட்ஸ் டாய்லெட் பொம்ம லேடீஸ் பொம்ம மேல துப்பாக்கிய நீட்டிகிட்டு நிக்குது. ரெண்டு ஆம்பள கம்பெனிக்குள்ள சண்ட, நடுவுல குண்டடி பட நிக்கறது யாரு பாரு! அப்புறம் 2008ல பர்ட்டன் கம்பெனி லவ்னு ஒரு ஸ்னோபோர்டு வரிசைல பிளேபாய் பொண்ணுங்க படத்த போட்டாங்க, ஆம்பளைங்களுக்கான போர்டுதான், வெர்மான்ட்ல அவங்க ஆபீஸ் வாசல்லயே ஜனங்க போராட்டம் பண்ணாங்க, கம்பெனி கலை சுதந்திரம்னு சொல்லிட்டு நின்னுது. நீங்க அந்த மாதிரி இல்ல, பொண்ணுங்களே நடத்தறது, அதனால அதே வார்த்தைய எடுத்து திருப்பி அடிக்கறோம்னு நீ சொல்லுவ. நல்ல எண்ணம்தான், ஆனா கடை ஷெல்ஃப்ல தொங்கற பலகைல யார் நடத்தறாங்கன்னு எழுதி இருக்காதேடி, பேரு மட்டும்தான் தெரியும்.

சீண்டறதுன்னா எப்படி சீண்டணும்னு கேட்டா நான் 1996ல வந்த சர்ஃபர் பத்திரிகை அட்டையத்தான் காட்டுவேன். சர்ஃபிங் சாம்பியன் லிசா ஆண்டர்சன் அலைல போற படம், பக்கத்துல, லிசா ஆண்டர்சன் உன்ன விட நல்லா சர்ஃப் பண்றாங்கன்னு ஒரே வரி. அத வாங்கி படிக்கறதுல முக்கால்வாசி பசங்கதான், அவன் மூஞ்சிக்கு நேரா! அதுல ஒரு கெட்ட வார்த்தை உண்டா, உடம்பப் பத்தி ஏதாவது உண்டா? ஆனா குத்து எங்க போய் விழுந்துது பாரு. அவங்கள வெச்சு வளந்த ராக்ஸின்னு பொண்ணுங்க சர்ஃப் டிரெஸ் பிராண்ட், அதே ராக்ஸி 2013ல பிரான்ஸ்ல நடந்த பியாரிட்ஸ் சர்ஃபிங் போட்டிக்கு ஒரு டிரெய்லர் விட்டாங்க, ஸ்டெஃபனி கில்மோர், அப்பவே அஞ்சு தடவ உலக சாம்பியன், அவங்க படுக்கைல பொரளறது, குளிக்கறது எல்லாம் இருக்கு, முகத்தையே காட்டல, சர்ஃபிங்கும் இல்ல. அதுவும் "பரபரப்பா" இருக்கட்டும்னு பண்ணதுதான், ஆனா வாங்கி கட்டிகிட்டாங்க.

உன் மூணாவது பேரு இந்த டிரெய்லர் ஜாதி. சொல்றவங்களுக்கு ஒரு கிளுகிளுப்பு, தூக்கிட்டு போற பொண்ணுக்கு தல வலி. டோக்கியோ ஒலிம்பிக்ல, அதான் 2021ல நடந்துதே, பொண்ணுங்க ஸ்ட்ரீட் ஸ்கேட்போர்டிங்ல தங்கம் வாங்கின மோமிஜி நிஷியாவுக்கு வயசு 13, வெள்ளி வாங்கின ரைசா லியலுக்கும் 13. உங்க டெக்க வாங்கப் போறது உன் வயசு பொண்ணு இல்லம்மா, இந்த வயசு பொண்ணுங்க. அவ அந்த பேர அப்பாகிட்ட சொல்லி காசு கேக்கணும், பார்க்ல பதினெட்டு வயசு பசங்க நடுவுல அந்த பலகைய கவுத்து வெச்சுட்டு உக்காரணும். அவனுங்க அந்த பேர படிச்சுட்டு அவகிட்ட என்ன கேப்பானுங்கன்னு நான் சொல்லணுமா?

அமெரிக்கால சட்டம் தடுக்கும்னு நம்பிட்டு இருக்காத, அங்க 2019ல எஃப் யூ சி டின்னு, சேத்து படிச்சா கெட்ட வார்த்தை மாதிரி கேக்கற டிரெஸ் பிராண்ட் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே ஆபாசம்னு சொல்லி டிரேட்மார்க்க மறுக்க கூடாதுன்னு சொல்லிடுச்சு. அதனால வேணாங்கற முடிவ நீங்களேதான் எடுக்கணும்.

அஞ்சாவது, "அடங்காப்பிடாரி", ஆஹா. அந்த திட்டு வாங்காத பொண்ணு எவ இருக்கா, என் மாமியார் எனக்கு வெச்ச பேரே அதுதான். பதிமூணு வயசு பொண்ணு அத தூக்கிட்டு நடந்தா அவ மேல ஒரு அழுக்கும் ஒட்டாது, எரிச்சல் படறவன் படட்டும். இங்கிலீஷ் எழுத்துல போட்டா வாயில நுழையாதுன்னு உன் பார்ட்னர் சொல்றா போல, நுழையாட்டி கஷ்டப்பட்டு கத்துக்கட்டும். மியாவ்னு பேரு வெச்சே லிசா விட்டேக்கர் பொண்ணுங்க டீம் கட்டி ஸ்கேட்போர்டு கம்பெனி நடத்தலையா, அதுல என்ன காரம் இருக்கு சொல்லு.

டிரேட்மார்க்குக்கு போடறப்ப விளையாட்டு சாமானுக்கு 28ஆவது கிளாஸ், டீ-ஷர்ட் விக்கறதா இருந்தா 25ம் சேத்து போட்டுடுங்க, அப்புறம் தனியா அலையாதீங்க. ரோஸ் கலர் வேணவே வேணாம்னு ரூல் எல்லாம் போடாத, எனக்கு ரோஸ் புடிக்கும். அப்பாகிட்ட மூணாவத லிஸ்ட்லேருந்து தூக்கியாச்சுன்னு நீயே போன் பண்ணி சொல்லிடு, நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு.

அம்மா