செயின்ட் லூயிஸ் ஆற்றுக்காகத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் வடக்கு மினசோட்டாவில், செயின்ட் லூயிஸ் ஆற்றின் மேல்பகுதியில் தோண்டுவதாக இருந்த நார்த்மெட் தாமிர–நிக்கல் சுரங்கத்துக்குச் சதுப்பு நிலங்களை நிரப்பத் தந்த அனுமதியை அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 2023 ஜூனில் ரத்து செய்தது. ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் கழிவுநீர் அனுமதியையும் செல்லாது என்றது. இவற்றுக்குப் பின்னால் எத்தனையோ பேரின் பல வருட உழைப்பு இருக்கிறது. அதில் எனக்குத் தெரிந்தவர்களுக்காவது ஊரறிய நன்றி சொல்ல வேண்டும்.

முதலில், ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர் ஐயாவுக்கு. 2013 டிசம்பரில், சுரங்கத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று சொல்லும் சூழல் தாக்க அறிக்கையின் திருத்திய வரைவு வந்தது. 2,000 பக்கத்துக்கு மேல். கருத்துச் சொல்ல 90 நாள். எங்கே தொடங்குவது என்று எங்களில் யாருக்கும் பிடிபடவில்லை. நீங்கள் அறிக்கையை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேஜையில் ஒரு கல்லை வைத்தீர்கள். கருஞ்சாம்பல் கல். வெளிச்சத்தில் திருப்பினால் பொட்டுப் பொட்டாக வெண்கல மினுக்கம். இந்தக் கந்தகத் தாது மண்ணுக்குள் இருக்கும்வரை சாது, உடைத்துக் குவித்துக் காற்றும் மழையும் பட்டால் அமிலம் கசியும், அது உலோகங்களையும் கரைத்து இழுத்துக்கொண்டு போகும் என்றீர்கள். அதில் தாமிரம் ஒரு சதவீதம்கூட இல்லை, மீதி முழுக்க அங்கேயே கிடக்கப்போகும் கழிவு என்பதும் அன்றுதான் உறைத்தது. அதன் பிறகே அறிக்கைக்குள் எதைத் தேடுவது என்று தெரிந்தது. கண்டும் பிடித்தோம்: சுரங்கம் இருக்கும் இடத்தில் குறைந்தது 200 வருடம், தாதுவைப் பிரிக்கும் ஆலை இருக்கும் இடத்தில் குறைந்தது 500 வருடம் தண்ணீரைச் சுத்திகரிக்க வேண்டியிருக்கும் என்று அந்த அறிக்கையின் கணக்கே சொன்னது. தோண்டப்போவதோ 20 வருடம்.

இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் நன்றி. அவர் இந்தத் திட்டம் வர வேண்டும் என்றவர். பிள்ளைகள் வேலைக்கு எங்கே போவார்கள், கம்பிக்கும் மோட்டாருக்கும் தாமிரம் எங்கிருந்து வரும் என்று கேட்டார். நியாயமான கேள்விகள், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் 500 வருடம் என்று படித்துக் காட்டியதும், "கம்பெனி மூடிட்டுப் போனா அந்தச் செலவை யார் தருவா?" என்று கேட்டதும் அவரே. அறிக்கைக்கு நாங்கள் எழுதிய கருத்துக் கடிதத்தில் இருந்ததிலேயே கூர்மையான கேள்வி அதுதான்.

இரட்டை நகரமான மினியாபொலிஸ்–செயின்ட் பால் தமிழ் நண்பர்கள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பக்கங்களைப் பங்கு பிரித்துப் படித்தீர்கள். "எதிர்க்கிறேன்னு மட்டும் எழுதினா எண்ணிக்கையிலதான் சேரும். எந்தப் பக்கம், எந்த எண், என்ன சந்தேகம்னு எழுது, அதிகாரிங்க பதில் சொல்லியே ஆகணும்" என்று கற்றுக்கொடுத்த அக்காவை மறக்கவே முடியாது. வந்து சேர்ந்த 58,000க்கும் மேற்பட்ட கருத்துகளில் நம்முடையவையும் இருந்தன.

எல்லாவற்றுக்கும் மேலான நன்றி, ஆற்றோட்டத்தில் கீழே வாழும் ஃபாண்ட் டு லாக் பழங்குடி மக்களுக்கும் அவர்களுடைய நீர் ஆய்வாளர்களுக்கும். நாங்கள் கடிதம் எழுதினோம். அவர்கள் வழக்குத் தொடுத்து, மேலே தரும் அனுமதி கீழே இருக்கும் தங்கள் தண்ணீரைக் கெடுக்கும் என்றால் அதைத் தடுக்கும் உரிமை தங்களுக்குச் சட்டத்தில் உண்டு என்று நிலைநாட்டினார்கள். 2023இல் சதுப்பு நில அனுமதி ரத்தானதே அந்த வழியில்தான். அவர்களுடைய மனோமின், அதாவது காட்டரிசி, விளையும் நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சல்பேட் கூடாது என்று 1973 முதலே மினசோட்டாவில் விதி இருக்கிறது. சல்பேட் மிஞ்சினால் சேற்றில் சல்பைடாக மாறிப் பயிரைக் கெடுக்கும். பாதரசம் மீனில் ஏறும் வடிவத்துக்கு மாறவும் அது துணைபோகும். அறுவடைக்கு என்னையும் படகில் ஏற்றிக்கொண்ட குடும்பத்துக்குத் தனியாக ஒரு நன்றி. ஒருவர் கழி ஊன்றித் தள்ள, இன்னொருவர் ஒரு குச்சியால் கதிரை வளைத்து மறு குச்சியால் மெல்லத் தட்டினார். பாதி மணி படகில், பாதி தண்ணீரில். தண்ணீரில் விழுந்தது அடுத்த வருடத்துக்கு விதை என்றார்கள். அறிக்கையில் எண்ணாகப் படித்த அந்தப் பத்து மில்லிகிராம் எதற்காக என்று எனக்கு அங்கேதான் விளங்கியது.

திட்டம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. தாது அங்கேயேதான் இருக்கிறது, மாற்று வழிகளை ஆராய்வதாகக் கம்பெனி சொல்கிறது. நாம் குறிப்பெழுதிய பக்கங்களை எல்லாம் கோப்பு போட்டு வைத்திருக்கிறேன். யாருக்கு வேண்டுமானாலும் நகல் தருகிறேன். புதிய அறிக்கை வந்தால் உங்கள் எல்லோர் வீட்டுக் கதவையும் மறுபடி தட்டுவேன்.

நன்றியுடன்,
டுலூத்திலிருந்து உங்கள் நண்பன்