பச்சைக் கேடயத்தைக் காட்டிக்கொண்டே எங்கள் ஐபி முகவரியைக் கசியவிட்ட விபிஎன் செயலி குறித்துப் புகார்

அனுப்புநர்: உங்கள் ஆண்டுச் சந்தாதாரர்
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: விபிஎன் இணைப்பில் இருக்கும்போதே கணினியின் உண்மையான ஐபி முகவரி வெளியே தெரிந்தது, புகார் அளித்த பிறகும் அதை உங்கள் நிறுவனம் ஏற்க மறுப்பது – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இரண்டு ஆண்டுகளாக உங்கள் சேவைக்குச் சந்தா கட்டிவருகிறேன். வேகம் குறைகிறது, சர்வர் கிடைக்கவில்லை என்பன போன்ற சில்லறைக் குறைகளுக்காக ஒருமுறைகூட உங்களுக்கு எழுதியதில்லை. இது அப்படிப்பட்ட குறை அல்ல. இணையத்தில் எங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான உண்மையான ஐபி முகவரியை, அதை மறைக்க வேண்டிய உங்கள் விபிஎன் செயலியே வெளியே விட்டது. விட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் திரையில் பச்சைக் கேடயத்தைக் காட்டி, ‘நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்’ என்றும் சொன்னது. அந்த வாசகத்தை நம்பியவள் என் தங்கை.

அவள் தன் கணவனின் வன்முறைக்குத் தப்பி என்னிடம் வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. எந்த ஊரில் இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத் தொலைபேசி எண்ணை மாற்றினோம், பழைய கணக்குகளை மூடினோம். வழக்கு தொடர்பான கடிதங்களுக்காக ஒரே ஒரு மின்னஞ்சலை மட்டும் விட்டுவைத்தோம். அதை எப்போது திறந்தாலும் முதலில் விபிஎன்னை இயக்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அவளும் ஒருநாள்கூடத் தவறவில்லை. கேடயம் பச்சையாகும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள்.

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, குழந்தையின் பள்ளிச் சான்றிதழ் என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் வந்தது. உள்ளே ஓர் இணைப்பு. அழுத்தினாள், வெறும் பக்கம்தான் திறந்தது. இரவு ஒன்பது மணிக்கு அடுத்த மின்னஞ்சல் வந்தது. அதில் எங்கள் ஊரின் பெயர் மட்டும் இருந்தது. வேறு ஒரு சொல் இல்லை. அன்று இரவு அவள் தூங்கவில்லை. விளக்கையும் அணைக்க விடவில்லை.

மறுநாள் காலை நான் அந்தக் கணினியின் முன் உட்கார்ந்தேன். நான் வலையமைப்புப் பொறியாளர் அல்ல. ஆனால் நான் செய்த சோதனை யாராலும் செய்யக்கூடியது. முதலில் விபிஎன்னை அணைத்துவிட்டு, வருபவரின் ஐபி முகவரியைக் காட்டும் தளம் ஒன்றைத் திறந்தேன். இரண்டு முகவரிகள் வந்தன. ஒன்று, நான்கு எண்களைப் புள்ளியிட்டுப் பிரித்த பழைய வகை, அதாவது ஐபிவி 4. மற்றொன்று, எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்து, இடையிடையே முக்காற்புள்ளி வைத்த நீண்ட முகவரி. இது ஐபிவி 6. இரண்டையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். பிறகு உங்கள் செயலியை இயக்கினேன். கேடயம் பச்சையானது. பக்கத்தைப் புதுப்பித்தேன். பழைய வகை முகவரி மாறி, வேறொரு நாட்டைக் காட்டியது. ஒரு கணம் நிம்மதி. கண்ணைக் கீழே இறக்கினால், நீண்ட முகவரி அப்படியே இருந்தது. தாளில் எழுதியதோடு ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதற்குப் பக்கத்திலேயே எங்கள் ஊரின் பெயரும் இருந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்று தேடிப் படித்தேன். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது. ஐபிவி 4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். உலகளாவிய பொது இருப்பில் எஞ்சியிருந்தவை 2011 பிப்ரவரியிலேயே பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. அந்தப் பற்றாக்குறையைத் தீர்க்க வந்தது ஐபிவி 6. 2012 ஜூன் 6 முதல் பெரிய இணையதளங்கள் பலவும் அதை நிரந்தரமாக இயக்கிவருகின்றன. இன்று இணையச் சேவை நிறுவனங்கள் பலவும் வீட்டு இணைப்புக்கு இரண்டையும் சேர்த்தே தருகின்றன. இரண்டும் இருந்தால் கணினி பெரும்பாலும் புதியதைத்தான் முதலில் நாடும். உங்கள் செயலியோ பழையதை மட்டும் தன் சுரங்கப்பாதைக்குள், அதாவது உங்கள் சர்வருக்குச் செல்லும் மறையாக்கப்பட்ட வழிக்குள், எடுத்துக்கொள்கிறது. புதியதை எடுத்துச் செல்வதும் இல்லை, தடுப்பதும் இல்லை. முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து போட்டிருக்கிறீர்கள்.

இது யாருக்கும் தெரியாத நுட்பக் கோளாறும் அல்ல. விபிஎன் இணைப்பில் இருக்கும் கணினியிலிருந்து ஐபிவி 6 வழியே போக்குவரத்து கசியும் என்பதைத் தனிப் பொருளாக எடுத்துக்கொண்டு, இணையத்தின் தொழில்நுட்ப நெறிகளை வகுக்கும் இணையப் பொறியியல் பணிக்குழு 2014 ஆகஸ்டிலேயே ஆர்எஃப்சி 7359 என்ற ஆவணத்தை வெளியிட்டிருக்கிறது. ஐபி முகவரியை மறைப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் இத்தனை ஆண்டுகளில் அதைப் படித்துச் சரிசெய்திருக்க வேண்டாமா?

அன்று மதியமே உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். நாற்பது நிமிடக் காத்திருப்புக்குப் பிறகு பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. கட்டளைச் சாளரத்தைத் திறந்து, கணினியின் முகவரிகளைக் காட்டும் ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையைத் தட்டச்சு செய்து, வருவதைப் படிக்கச் சொன்னார். ஐபிவி 4 என்ற வரியில் இருந்த 192.168.1.7 என்ற எண்ணைப் படித்தேன்.

“சரிதான் மேடம். நீங்கள் சொன்ன ஊர் முகவரி இதில் இல்லையே. உங்கள் முகவரி மறைந்துதான் இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது” என்றார்.

இந்தப் பதிலை உங்கள் நிறுவனம் பொருட்படுத்த வேண்டும். 192.168 என்று தொடங்கும் முகவரி, வீட்டுக்குள் ரவுட்டர் தன் கணினிகளுக்குக் கொடுக்கும் உள் முகவரி. 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் அப்படித்தான். இவை தனியார் வலையமைப்புகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் இதே எண்கள் இருக்கின்றன. விபிஎன் இயங்கினாலும் இயங்காவிட்டாலும் அந்த எண் அங்கேயேதான் இருக்கும். வெளி உலகம் பார்ப்பது இணையச் சேவை நிறுவனம் கொடுத்த பொது முகவரியை. ஐபிவி 6-இலோ கணினிக்குக் கிடைக்கும் பொது முகவரியே நேரடியாக வெளியே தெரிகிறது. அதே சாளரத்தில் இரண்டு வரிகள் மேலே அந்த நீண்ட முகவரி இருந்தது. “அதைப் படிக்கட்டுமா?” என்று கேட்டேன். “அது தேவையில்லை மேடம்” என்றார். உள் முகவரிக்கும் பொது முகவரிக்கும் உள்ள வேறுபாட்டைக்கூடச் சொல்லிக்கொடுக்காமல் ஒருவரைத் தொலைபேசியின் முன் உட்கார வைத்தது யாருடைய தவறு?

பிறகு எழுத்து மூலம் புகார் அனுப்பினேன், கணினித் திரையைப் படம்பிடித்த திரைப்பிடிப்புகளுடன். பன்னிரண்டு நாள் கழித்து வந்த பதிலில், தெரியாத இணைப்புகளை அழுத்த வேண்டாம் என்று அறிவுரை இருந்தது. தங்கையின் கணவனுக்கு வேறு வழியிலும் ஊர் தெரிந்திருக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அவன் எப்படி அறிந்தான் என்பதை என்னால் நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாமல் போகலாம். ஆனால் இணைப்பை அழுத்திய சில மணி நேரத்தில் ஊர்ப்பெயர் வந்தது. அதே கணினி, உங்கள் செயலி இயங்கும்போதே, அதே ஊர்ப்பெயரை யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டிருந்தது. இவ்விரண்டும் உண்மை. இணைப்பை அழுத்தினால் எதிர்ப்பக்க சர்வருக்கு முகவரி தெரியும் என்பதற்காகத்தானே விபிஎன்னை வாங்குகிறார்கள்? குழந்தையின் சான்றிதழ் என்று வந்ததை எந்தத் தாய் திறக்காமல் இருப்பாள்?

ஐபி முகவரி வீட்டுக் கதவு எண்ணைக் காட்டாது என்பது எனக்குத் தெரியும். பொதுவில் கிடைக்கும் தரவுகளில் ஊரோ வட்டாரமோதான் வரும். அதுவும் பல நேரம் தவறாக வரும். எந்த நேரத்தில் எந்த முகவரி எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்ற பதிவு இணையச் சேவை நிறுவனத்திடம்தான் இருக்கும். விபிஎன் போட்டுவிட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. கணக்கில் உள்நுழைந்தால் யார் என்று அந்தத் தளத்துக்குத் தெரியும், தளங்கள் உலாவியில் சேமித்து வைக்கும் குக்கீகளும் காட்டிக்கொடுக்கும். நான் கேட்டது முகவரி ஒன்றை மறைப்பதை மட்டுமே. நீங்கள் விற்றதும் அதை மட்டுமே. ஊர் எது என்று தெரியாதவரை அவனுக்குத் தேட இடமே இல்லை. தெரிந்தபின் அவன் விசாரிக்க வேண்டியது ஓர் ஊரை மட்டும்தான்.

தொடர்ந்து சோதித்தபோது இன்னும் இரண்டு குறைகள் தென்பட்டன. இணைப்பு அறுந்தால் இணையத்தையே நிறுத்தும் கில் சுவிட்ச், ஐபிவி 4-ஐ மட்டும்தான் நிறுத்துகிறது. மேலும், தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கேள்விகளில் சில உங்கள் சர்வருக்குப் போகாமல், நேராக எங்கள் இணையச் சேவை நிறுவனத்துக்குப் போகின்றன.

ஆனாலும் என்னை அதிகம் காயப்படுத்துவது அந்தப் பச்சைக் கேடயம்தான். உங்கள் சர்வருடன் தொடர்பு ஏற்பட்டதா என்பதை மட்டும் பார்த்துவிட்டு அது பச்சையாகிறது. முகவரி உண்மையில் மறைந்ததா என்று பார்ப்பதே இல்லை. பாதுகாப்பு இல்லை என்று தெரிந்திருந்தால் என் தங்கை அந்த மின்னஞ்சலைத் திறந்தே இருக்க மாட்டாள். என்னை அழைத்திருப்பாள், அல்லது வழக்கறிஞரிடம் கேட்டிருப்பாள். பயம் அவளைக் காப்பாற்றியிருக்கும். அந்தப் பயத்தை நீக்கியது உங்கள் கேடயம்.

எங்களால் முடிந்ததைச் செய்துவிட்டோம். கணினியின் வலையமைப்பு அமைப்புகளில் ஐபிவி 6-க்கு எதிரே இருந்த தேர்வை நீக்கினேன், ரவுட்டரிலும் நிறுத்தினேன். அதற்கு முன் ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்ததில் பழைய வகை முகவரி மாறியது. நீண்ட முகவரியின் முன்பாதி மாறவில்லை. அந்த முன்பாதி எங்கள் இணைப்புக்கு உரியது. வீட்டிலுள்ள கைப்பேசிகளிலும் அதே முன்பாதிதான் இருந்தது. இணையச் சேவை நிறுவனத்திடம் கேட்டு அதை மாற்ற வைத்தோம். விபிஎன்னுக்கு வேறு நிறுவனத்திடம் போய்விட்டோம். அங்கே சேர்ந்த முதல் நாளே தாளும் பேனாவுமாக உட்கார்ந்து இரண்டு முகவரிகளையும் சோதித்த பிறகுதான் தங்கையிடம் கணினியைக் கொடுத்தேன்.

எஞ்சிய காலத்துக்கான சந்தாவைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்கிறேன். அது சிறிய விஷயம். பெரியது இதுதான்: உங்கள் செயலி ஐபிவி 6-ஐச் சுரங்கப்பாதைக்குள் எடுத்துச் செல்ல வேண்டும், முடியாவிட்டால் முழுதாகத் தடுக்க வேண்டும். அதுவரை, செயலியைத் திறந்ததும் கண்ணில் படும்படி, ஐபிவி 6 இணைப்பு உள்ளவர்களின் முகவரி மறைக்கப்படவில்லை என்று எல்லாச் சந்தாதாரர்களுக்கும் தெரிவியுங்கள். என் தங்கையைப் போல இன்னும் எத்தனை பேர் அந்தக் கேடயத்தைப் பார்த்துவிட்டு மின்னஞ்சலைத் திறந்துகொண்டிருக்கிறார்களோ. அவர்களுக்கு இன்றே தெரிய வேண்டும். எங்கள் இணைப்பு குறித்த பதிவுகள் உங்களிடம் ஏதேனும் இருந்தால், வழக்கு முடியும் வரை அவற்றை அழிக்காமல் வைத்திருக்கவும் கோருகிறேன். எங்கள் வழக்கறிஞர் தனியே எழுதுவார்.

பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன். பதிலை நான் புகார் அனுப்பிய மின்னஞ்சலுக்கு எழுத்தில் மட்டும் அனுப்புங்கள். தயவுசெய்து தொலைபேசியில் அழைக்க வேண்டாம். தெரியாத எண்ணிலிருந்து மணி அடித்தால் அவள் இன்னும் நடுங்குகிறாள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்

இணைப்பு: விபிஎன் இயங்கும்போதும் இயங்காதபோதும் எடுத்த திரைப்பிடிப்புகள்; முந்தைய புகாரின் நகல்; அதற்கு வந்த பதிலின் நகல்.