பார்வை மங்கும்போது மனதையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விழித்திரையின் மையப்பகுதி சிதைந்து அம்மாவுக்குப் பார்வை மங்கியபோது மருத்துவமனையில் உருப்பெருக்கி கொடுத்தார்கள், பயன்படுத்தவும் கற்றுக்கொடுத்தார்கள், சரி, ஆனால் எதிரே வருபவரின் முகம் தெரியாததால் கூச்சப்பட்டு வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போனவரிடம் மனசு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. உருப்பெருக்கி அலமாரியிலேயே கிடந்தது. அப்புறம் இல்லாத பூக்களும் முகங்களும் சுவரில் தெரிய ஆரம்பித்தன. பைத்தியம் என்று சொல்லிவிடுவோமோ எனப் பயந்து பல மாதம் எங்களிடம் மறைத்திருக்கிறார். இது சார்லஸ் போனே நோய்க்குறி, 1760-லேயே எழுதிவைக்கப்பட்டது. கண்ணிலிருந்து வரும் தகவல் குறையும்போது மூளை தானாக உருவங்களை உண்டாக்குகிறது, மனநோய் அல்ல. முதல் நாளே சொல்லியிருக்கலாமே! உருப்பெருக்கி கொடுக்கும் அன்றே மனநல ஆலோசகரும் உட்கார்ந்து பேச வேண்டும், வீட்டாரையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஒரு வாசகி