பெயர் வெட்டிய சம்புடம்

பினாங்கு,
டிசம்பர் 29.

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம். நீயும் அப்பாவும் தம்பியும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். தினமும்தான் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உனக்குக் குரல் கம்மிவிடுகிறது. அதைக் கேட்டதும் எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. சொல்ல நினைத்ததெல்லாம் அப்படியே நின்றுவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது என்று நவம்பரில் சொன்ன அன்று நீ "சரி மக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாய். அந்த "சரி" இந்த இரண்டு மாதமும் என் காதை விட்டுப் போகவில்லை. காரணத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு விடுமுறை மூன்று வாரம். ஆனால் முதல் வாரம் முழுவதும் உன் மருமகன் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இயற்பியல் சிறப்பு வகுப்பு எடுத்தார். ஜனவரியில் மாதிரித் தேர்வு. எனக்கும் கணக்கு விடைத்தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. கோலாலம்பூர் போய், அங்கிருந்து விமானம் மாறித் திருவனந்தபுரம் வருவதற்கு இருவருக்கும் சேர்த்து டிசம்பரில் கேட்ட பணம், நாங்கள் இங்கே கொடுக்கும் மூன்று மாத வீட்டு வாடகைக்கு மேல். அவ்வளவு செலவழித்து வந்து, ஒரு வாரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் உனக்குத்தான் இன்னும் கஷ்டம். ஜூன் கடைசியில் எங்களுக்குப் பள்ளி ஆண்டு முடிகிறது. அப்போது நிம்மதியாக ஒரு மாதம் வந்து உன்னோடு இருக்கிறோம். டிக்கெட்டுக்கான பணத்தை இப்போதிலிருந்தே தனியாக எடுத்துவைக்கிறோம்.

இங்கே பண்டிகைக் காலம் எங்களுக்குத் தீபாவளியிலேயே தொடங்கிவிட்டது. எதிர்வீட்டுத் தமிழ் அக்காவைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அவருடைய தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இங்கே வந்து, கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். அக்கா பேசும் தமிழ் நம் தமிழ்தான், ஆனால் அங்கங்கே ஒரு பழைய அழகு இருக்கும். காலையில் பார்த்தால் "பசியாறிவிட்டீர்களா?" என்று கேட்பார். மலேசியப் பணமான ரிங்கிட்டை "வெள்ளி" என்பார். தீபாவளியன்று அவர் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. கதவு காலையிலிருந்து இரவு வரை திறந்தே கிடந்தது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று யார் யாரோ வந்தார்கள், உட்கார்ந்து சாப்பிட்டார்கள், போனார்கள். முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை என்று ஒரு பெரிய தட்டு எங்கள் வீட்டுக்கும் வந்தது. அந்தத் தட்டைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது உன் ஞாபகம் வந்தது. பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஒரு கை சர்க்கரையாவது போட்டுக் கொடு என்பாயே. சர்க்கரையே போட்டுக் கொடுத்தேன். அக்கா தட்டைப் பார்த்துவிட்டு, "எங்கள் பாட்டியும் இப்படித்தான் செய்வார்" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றே முடிவு செய்துவிட்டேன், கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து செய்வது என்று. நீ பக்கத்தில் இல்லாமல் ஒருநாளும் நான் அதைச் செய்ததில்லை.

சிறுபயறு இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. கருப்பட்டிதான் இல்லை. சந்தையில் கூலா மலாக்கா என்று தென்னம்பாளைப் பதநீரைக் காய்ச்சிச் செய்த வெல்லம் விற்கிறார்கள். மூங்கில் கணுவில் வார்த்தெடுத்தது போல உருளை உருளையாக இருக்கும். கருப்பு நிறம், முகர்ந்தால் லேசான புகை வாசனை. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் நம் ஊர்க் கருப்பட்டிதான். பயற்றை வாசம் வரும்வரை வறுத்து, கொரகொரப்பாகத் திரித்து, தேங்காய்த் துருவலைச் சிவக்க வதக்கி, எள், ஏலம், சுக்கு எல்லாம் நீ சொன்ன அளவிலேயே போட்டேன். முதல் முறை பாகு ஏமாற்றிவிட்டது. கூலா மலாக்காவில் ஈரம் கூடுதல். உருண்டை பிடித்ததும் கையிலேயே தளர்ந்துவிட்டது. இரண்டாம் முறை பாகை இன்னும் கொஞ்சம் முறுகவிட்டு, மாவையும் ஒரு பிடி கூட்டினேன். சூடு ஆறுவதற்குள் பிடிக்க வேண்டுமே என்று நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து பிடித்தோம். உள்ளங்கை சிவந்துவிட்டது. மஞ்சள் கலந்த அரிசிமாவில் முக்கி, மூன்று மூன்றாகச் சேர்த்து எண்ணெயில் விட்டபோது முதல் கொத்து பிரியாமல் அப்படியே மேலே மிதந்து வந்தது. அவர் கைதட்டினார். எனக்கு உன்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. உங்களுக்கு அப்போது நடு மதியம், நீ தூங்கும் நேரம் என்று விட்டுவிட்டேன்.

பொரிக்கப் புதுச் சட்டி வாங்கினேன், அம்மா. கீழ்த்தளத்தில் இருக்கும் மக்சிக்குக்கும் (மலாய் அத்தையை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான். நாம் இறைச்சி சமைக்கிற பாத்திரத்தில் செய்து கொடுத்தால் அவருக்கு மனச்சங்கடம். எண்ணெயும் புதிது, சட்டியும் புதிது என்று முதலிலேயே சொல்லிக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை நன்றி சொன்னார். மறுநாள் வாழையிலையில் பொதிந்த கூயே நான்கு வந்தது. அரிசிமாவும் தேங்காய்ப் பாலும் சேர்த்து அவித்தது, நம் ஊர்க் கொழுக்கட்டைக்கு நெருங்கின உறவு.

எல்லா வீட்டுக்கும் எதில் வைத்துக் கொடுத்தேன் தெரியுமா? நீ பெட்டியில் வைத்து அனுப்பினாயே, உன் கல்யாணத்துக்குப் பாட்டி கொடுத்த சம்புடம், அதில்தான். மூடியில் புள்ளி புள்ளியாக உன் பெயரும் தேதியும் வெட்டியிருக்கிறதே, அதை ஒவ்வொரு வீட்டிலும் விரலால் தடவிப் பார்த்துக் கேட்டார்கள். "இது என் அம்மாவின் பெயர்" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன்.

கேரல் ரவுண்ட்ஸ் இங்கேயும் உண்டு. நாங்கள் போகும் தமிழ் ஆலயத்திலிருந்து வேனில் வந்தார்கள். நம் ஊரைப் போலப் பனியில் குல்லாய் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக விடிய விடியப் போவது இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பு என்பதால் காவலாளியிடம் முன்கூட்டியே பெயர்களைக் கொடுத்து, இரவு பத்து மணிக்குள் முடிக்க வேண்டும். டிசம்பரிலும் இங்கே புழுக்கம்தான். பாடுகிறவர்களின் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. ஆனாலும் கீர்த்தனை தொடங்கியதும் எல்லா மாடியிலும் கதவு திறந்து ஆட்கள் வந்து நின்று கேட்டார்கள். மேல்மாடிச் சீனப் பாட்டி மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பாட்டுவரை நின்றார். அவரை எல்லோரும் ஆ மா என்றுதான் கூப்பிடுகிறோம். ஹொக்கியன் மொழியில் பாட்டி என்று அர்த்தம். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு என் மொழி தெரியாது.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனை இங்கே எட்டரை மணிக்குத்தான். ஆனால் எனக்கு மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிட்டது, நம் வீட்டில் நீ எழுப்புவாயே அந்தப் பழக்கம். இங்கே நேரம் உங்களுக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. நம் ஊரில் நான்கு மணிக்கு மணியடிக்கும்போது இங்கே ஆறரை. அந்த நேரத்துக்குச் சரியாகப் புதுச் சேலை கட்டிக்கொண்டு பால்கனியில் நின்றேன். இருட்டு முழுதும் விலகவில்லை. ஆயர் ஈத்தாம் மலைமேல் கெக் லோக் சி கோயிலின் கோபுரம் மங்கலாகத் தெரிந்தது. அப்போதுதான் உன் அழைப்பு வந்தது. நீ ஒன்றும் பேசவில்லை. போனை ஆலயத்தின் பக்கம் தூக்கிப் பிடித்தாய். மணிச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் ஆட்கள் நடக்கிற சத்தம், யாரோ பிள்ளையை அதட்டுகிற குரல், அப்பாவின் இருமல். எல்லாம் கேட்டது, அம்மா. அவரும் வந்து பக்கத்தில் நின்று கேட்டார். மணி ஓய்ந்தபிறகும் நாங்கள் நெடுநேரம் அப்படியே நின்றிருந்தோம். இந்த வருடக் கிறிஸ்துமஸ் எனக்கு அந்த நிமிஷத்தில்தான் வந்தது.

மதியம் இங்கே எங்கள் வீட்டில் பதினான்கு பேர் சாப்பிட்டார்கள். எங்கள் பள்ளியில் வேலை பார்க்கும் ஓர் ஆங்கிலேயத் தம்பதிக்கும் ஊருக்குப் போக வழியில்லாமல் இருந்தது. அவர்களையும் அழைத்தோம். தரையில் பாய் விரித்து, வாழையிலை போட்டுப் பிரியாணி பரிமாறினேன். நம் ஆலய அசன விருந்தில் பந்தி பந்தியாக உட்கார வைப்பார்களே, அதை நினைத்துக்கொண்டே பரிமாறினேன்.

மறுநாள் மாலை ஜார்ஜ் டவுனுக்குப் போய் நடந்தோம். ஃபார்க்குவார் தெருவில் புனித ஜார்ஜ் ஆலயம் இருக்கிறது. 1818இல் கட்டி முடித்தது, தென்கிழக்கு ஆசியாவிலேயே மிகப் பழைய ஆங்கிலிக்கன் ஆலயம். வெள்ளைத் தூண்களோடு அத்தனை கம்பீரம். அதைக் கட்டியவர்கள் நம் நாட்டிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்த கைதிகள் என்று அறிந்தபோது தூணில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். எந்த ஊர்க்காரர்களோ, யார் பெற்ற பிள்ளைகளோ. ஊருக்குத் திரும்பினார்களோ இல்லையோ. வீட்டுக்குக் கடிதம் போட அவர்களுக்கு யார் இடம் கொடுத்திருப்பார்கள்?

இந்த ஆலயம் எழும்பப் பாடுபட்ட ஹட்சிங்ஸ் பாதிரியார்தான் 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலைத் தொடங்கினார். அந்தப் பள்ளியில் அதே ஆண்டு ஒரு தமிழ் வகுப்பும் தொடங்கியது. இந்த நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கம் அதுதான் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். இன்று நாடு முழுவதும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எதிர்வீட்டு அக்காவின் மகள் அப்படி ஒரு பள்ளியில்தான் படிக்கிறாள். திருக்குறளை என்னைவிடத் தெளிவாகச் சொல்கிறாள். நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறோம். அதில் எனக்கு ஒரு குறை உண்டு, உன்னிடம் மறைக்கவில்லை. அதனால் சனிக்கிழமை காலையில் அக்காவின் மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் தமிழ் வழியிலேயே கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். பணம் வாங்குவதில்லை.

அந்த ஆலயத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் சீனர்களின் குவான் யின் கோயில், அப்புறம் குயின் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில், அதைத் தாண்டினால் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். லிட்டில் இந்தியாவில் மல்லிகைச் சரம் வாங்கி வைத்துக்கொண்டேன். நாகர்கோவில் பூ இல்லை, வாசம் குறைவு. அவர் நாசி கண்டார் சாப்பிட வேண்டும் என்றார். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் சோறும் கறியும் தோளில் காவடி கட்டித் தூக்கிவந்து துறைமுகத்தில் விற்றார்களாம், அதனால் வந்த பெயர். கறிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றித் தருகிறார்கள். அவருக்குப் பிடித்தது. எனக்கு இன்னும் பழகவில்லை.

27ஆம் தேதி கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்குக்கும் போய்வந்தோம். அப்பாவிடம் சொல், 1025இல் ராஜேந்திர சோழன் படையனுப்பிய கடாரம் இந்தப் பக்கம்தான். மலையடிவாரத்தில் பழைய கோயிலின் கல் அடித்தளங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. படம் அனுப்பியிருக்கிறேன். மீதியை அப்பாவுக்குத் தனியாக எழுதுகிறேன்.

பள்ளி திறந்தபிறகு அடுத்தடுத்துப் பண்டிகைகள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி ஏறக் கூட்டம் அலைமோதுமாம். வெள்ளி ரதம் வரும் வழியில் சீனர்களும் நின்று தேங்காய் உடைப்பார்களாம். அக்கா தண்ணீர்ப் பந்தலில் மோர் கொடுக்க என்னையும் கூப்பிட்டிருக்கிறார். போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்று கொளுத்துகிற வெயிலில் ஆட்கள் நடப்பார்கள், மோர் கொடுப்பதில் என்ன வேற்றுமை? நீ கோபப்பட மாட்டாய் என்று தெரியும்.

வேறு என்ன? உன் மருமகனுக்கு இருமல் சரியாகிவிட்டது. அப்பாவை அவர் இருமலுக்கு மருத்துவரிடம் கட்டாயம் காட்டச் சொல், மணிச் சத்தத்தோடு கேட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. ஜூனில் வந்து திரும்பும்போது நான்கு கிலோ கருப்பட்டி எடுத்துப்போக வேண்டும், சொல்லிவைத்துவிடு.

சம்புடம் எங்கே என்று கேட்பாய். அது இன்னும் மேல்மாடியில் ஆ மா வீட்டில்தான் இருக்கிறது. நேற்று அவருடைய பேத்தி வந்தாள். பாட்டிக்கு வெறும் சம்புடமாகத் திருப்பிக் கொடுக்க மனமில்லையாம். சீனப் புத்தாண்டுக்கு அன்னாசிப் பழ டார்ட் செய்வார்களாம், அதைச் செய்து வைத்துக் கொடுக்கும்வரை தன்னிடமே இருக்கலாமா என்று கேட்டுவரச் சொன்னாராம். தினமும் துடைத்து மூடியை மேலே தெரியும்படி அலமாரியில் வைத்திருக்கிறாராம். இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அப்பாவுக்கும் தம்பிக்கும் எங்கள் அன்பு.

உன் அன்பு மகள்.