ரப்பர் செத்துப்போன ஹெட்

கோரிமேடு, சேலம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததில் சந்தோஷம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. இங்கே எல்லோரும் சௌக்கியம். "இந்த வயதில் எதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். பெரியவன் போட்டுக் கொடுத்துவிட்டான் போல.

ஏற்காட்டில் காப்பித் தோட்டக்காரர் ஒருவர் ரெக்கார்டு வெட்டும் பழைய லேத் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். நாம் மைக் செட் கடையில் ஓட்டிய பிளேட்டுகளில் முக்காலும் கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அச்சாகி வந்தவை அல்லவா? அந்த அச்சுக்கெல்லாம் மூலத்தட்டை வெட்டுவது இந்த ஜாதி மிஷின்தான். தட்டிலிருந்து பாட்டை எடுக்கிற முள்ளைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இது தட்டுக்குள் பாட்டைப் போடுகிற முள்.

அந்த முள்ளைப் பிடித்து ஆட்டும் கட்டிங் ஹெட்தான் என் மேஜையில் இருக்கிறது. நியூயார்க் பிரஸ்டோ கம்பெனிச் சரக்கு. 1940களில் பல அமெரிக்க ரேடியோ ஸ்டேஷன்களில் அவர்கள் மிஷின்கள் ஓடின. உள்ளே பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. காந்தம், காயில், நடுவே ஆடும் ஒரு சின்ன இரும்பு ஆர்மேச்சர், அதன் நுனியில் நீலக்கல் ஊசி. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் சத்தத்துக்கு ஆர்மேச்சர் இடமும் வலமும் அசையும். அலுமினியத் தட்டின் மேல் இருக்கும் லாக்கர் என்ற மெதுவான பூச்சை ஊசி கீறிக்கொண்டே போகும்.

பேஸ் இல்லை, மேலே கீச்சென்று கத்துகிறது என்று கொண்டுவந்தார். காந்தம் செத்துவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காந்தமும் சரி, காயிலும் சரி. செத்தது ரப்பர். எந்த ஆர்மேச்சருக்கும் தனக்கென்று ஒரு சுருதி உண்டு. பாட்டில் அந்த ஸ்வரம் வந்தால் வரம்பு மீறி ஆடி, பக்கத்துப் பள்ளத்தையே வெட்டிவிடும். அதை அடக்கத்தான் இரண்டு பக்கமும் ரப்பர். எழுபது எண்பது வருஷத்தில் அது கல்லாக இறுகிவிட்டது. ஆட்டம் குறுகி, சுருதி மேலே ஏறிவிட்டது. ஒரு பக்கம் கூடுதலாக இறுகியதால் ஆர்மேச்சரும் நடுவிலிருந்து சாய்ந்துவிட்டது. கரகரப்பு அதனால்தான்.

ரப்பரைச் சுரண்டுவது நகாசு வேலை. அதைவிடக் காந்தத்தைக் கழற்றுவதில்தான் பயம். கழற்றும்போதே இரு முனைக்கும் குறுக்கே இரும்புத் துண்டு வைக்காவிட்டால் வலு இறங்கிவிடும். போதாக்குறைக்கு நம்முடையது இரும்புத் தாது நிறைந்த கஞ்சமலை மண். திறந்து வைத்தால் தெருப் புழுதியில் இருக்கும் இரும்பெல்லாம் இடைவெளிக்குள் ஏறிக்கொள்ளும். ஒட்டும் டேப்பை மடித்து உள்ளே விட்டு விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஊசியை இறுக்கும் ஸ்க்ரூ மரை தேய்ந்திருந்தது. அமெரிக்க அங்குலக் கணக்கு, இங்கே எந்தக் கடையிலும் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், "இது நம்ம திருகாணிதானுங்க" என்றார். பித்தளையில் கச்சிதமாகப் போட்டுக் கொடுத்தார். பெரிய லேத் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்காரர்கள் அதற்கு முன்பு கையை விரித்திருந்தார்கள்.

தோட்டக்காரரோடு ஒரு வாக்குவாதமும் நடந்தது. ரப்பரே வேண்டாம், புதுசாக ஏதாவது செய்யுங்கள் என்கிறார். வெஸ்ட்ரெக்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனி 1957இல் கொண்டுவந்த ஸ்டீரியோ ஹெட்டில் அசைவை வேவு பார்க்கத் தனிக் காயில் உண்டு. அது ஆம்ப்ளிஃபயருக்குத் தகவல் சொல்லி ஆட்டத்தை அடக்கும். அது பிறக்கும்போதே அப்படிப் பிறந்தது. இதில் கொண்டுபோய் ஒட்டினால் பிரஸ்டோவும் கெடும், வெஸ்ட்ரெக்ஸும் வராது. மெத்தென்ற சிலிக்கோன் ரப்பரை வெட்டி வைத்தேன். வேறு எதையும் தொடவில்லை.

சோதித்த விதம் உனக்குப் பிடிக்கும். வேறு வேறு டோன்களைப் பட்டை பட்டையாக வெட்டி, சாயங்கால வெயிலில் தட்டைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பட்டையிலும் ஒளி விழும் அகலம்தான் அந்த டோனுக்கு ஊசி ஆடிய வேகத்தைக் காட்டும். 1930இல் ஜெர்மனியில் புக்மன், மயர் என்ற இருவர் கண்டுபிடித்த வழி. மீட்டரே வேண்டாம்! மேல் ஸ்வரங்களில் ஒளி கொஞ்சம் குறுகுகிறது, மற்றபடி சீராக நிற்கிறது.

இனித் தட்டுதான் தலைவலி. லாக்கர் தட்டு செய்ய உலகத்தில் இருந்ததே இரண்டு முக்கியக் கம்பெனிகள். கலிஃபோர்னியாவில் இருந்த அப்போலோ 2020 பிப்ரவரியில் எரிந்துபோனது. மிச்சம் ஜப்பானில் ஒன்று. பலர் இப்போது பாலிகார்பனேட் தட்டில் வைர ஊசியால் வெட்டுகிறார்கள். இந்த ஹெட்டுக்கு அந்தப் பாரம் வேண்டாம் என்பது என் கட்சி. லாக்கரிலிருந்து நூல் நூலாக வரும் கழிவு நெருப்புப் பட்டால் குப்பென்று பற்றும். நீ வந்தால் பீடியை வாசலிலேயே அணைத்துவிட்டு வா.

உன் பரணில் வால்வு டோன் ஜெனரேட்டர் இன்னும் கிடக்கிறதா? இருந்தால் பார்சல் சர்வீஸில் போட்டுவிடு, கூலியை இங்கே கட்டிக்கொள்கிறேன். பேத்தியின் கால் அளவை நூலில் எடுத்து அதோடு வை. அந்தப் பட்டறையிலேயே கொலுசு சொல்லிவிடுகிறேன்.

உன்,
பழைய கூட்டாளி